பன்னெண்டாவது எக்ஸ்டென்சன்

ஏலே பேராண்டி, படிப்புன்னா இப்படித்தான் இருக்கணும். கணக்குல ஒரு வரி எழுதுறதுக்கு முன்னாடியே பிரவுசரோட மேல் மூலையில பதினோரு எக்ஸ்டென்சனை வரிசையா மாட்டி வச்சிருக்கே பாரு, உன் அப்பன் உன் வயசுல இவ்வளவு முன்னேற்பாடு பண்ணுனதே கெடையாது. அவன் பாவம், பென்சிலைச் சீவுனதோட சரி. உனக்குப் பக்கத்தைக் கறுப்பாக்க ஒண்ணு, விளம்பரத்தை வெரட்ட ஒண்ணு, பாட்டுச் சத்தத்தைக் கூட்ட ஒண்ணு, கூப்பன் தேட ஒண்ணு. பையில காசு இல்ல, ஆனா கூப்பன் தேட ஆளு போட்டாச்சு. இப்போ பன்னெண்டாவதா, படிக்கிற பக்கத்துல ஃபார்முலாவை அழகாக் காட்டுறதுக்கு ஒண்ணு வேணுமாம். அது வந்து சேந்ததும் இருபடிச் சமன்பாடு தானா எறங்கி வந்து உன்கிட்ட வெடையச் சொல்லிட்டுப் போயிரும்.

மாட்டிக்கோ. வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. "கெழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்"னு நீ வாய்க்குள்ள முணங்குறதும் கேக்கு. லே, கோவில்பட்டியில அச்சாபீசுல ஈய எழுத்துப் பொறுக்குன கை இது. கல்யாணப் பத்திரிகை கம்போஸ் பண்ணுறது ஒரு வேலையா? மணமகன் பேரு, மணமகள் பேரு, "தங்கள் நல்வரவை நாடும்", முடிஞ்சுது. கணக்குப் பரீட்சைத் தாளு வந்தாத்தான் கம்போசிட்டருக்கு அடிவயித்தக் கலக்கும். ஒரு பின்னம் வேணும்னா மேல ஒரு எண்ணு, அடியில ஒல்லியா ஒரு ரூலு, அதுக்கும் அடியில இன்னொரு எண்ணு. பக்கத்துல வாற கூட்டல் குறி நட்ட நடுவுல நிக்கணும், அதுக்காக அதுக்கு மேலயும் கீழயும் ஈயத் தகடு வச்சு முட்டுக் குடுக்கணும். வர்க்கமூலத்துக்குக் குறி தனி, அது தலைக்கு மேல போற கோடு தனி. அடுக்கு எண்ணு பொடிசா இன்னொரு கேசுல கெடக்கும், இடுக்கியால எடுத்து வைக்கணும். அத்தனையும் வச்சு முடிச்சு எழுத்துக் கோத்த ஸ்டிக்கைத் தூக்கும்போது எவனாவது தும்முனா வர்க்கமூலம் ஒருபக்கம், நாலு ஏ சி ஒருபக்கம். எந்த ஊரு அச்சாபீசுலயும் கணக்குக்குக் கூலி கூடத்தான். அதனால ஃபார்முலா அழகா இருக்கணும்னு நீ கேக்கிறதுல தப்பு இல்ல. அந்த அழகுக்கு எவன் எவ்வளவு பாடுபட்டான்னு தெரியாமக் கேக்கே பாரு, அதத்தான் சொல்லுதேன்.

அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல டொனால்ட் கனூத்துன்னு ஒரு வாத்தியாரு. கம்ப்யூட்டர் கணக்கைப் பத்தி பெரிய பெரிய புத்தகமா எழுதுனவரு. மொத தடவை ஈயத்துல வார்த்து அச்சடிச்சப்போ எல்லாம் கண்ணுக்கு லட்சணமா வந்துச்சு. 1977-ல ரெண்டாம் பாகத்தோட புதுப் பதிப்புக்கு, ஈயத்தை விட்டுட்டு ஒளியால அடிக்கிற புது முறையில புரூஃப் எடுத்து அனுப்புனாங்க. அதைப் பாத்ததும் மனுசனுக்கு வயித்தெரிச்சல். நீயா இருந்தா என்ன பண்ணிருப்பே? போனை எடுத்து ஒரு எக்ஸ்டென்சன் தேடிருப்பே. அவரு உக்காந்து புத்தகத்தை அச்சுக்கோக்குறதுக்கே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத ஆரம்பிச்சாரு. பேரு டெக். கல்லூரியில ஒரு வருச லீவு கெடைக்கும், அதுக்குள்ள முடிச்சிரலாம்னு போட்ட திட்டம் பத்து வருசத்துக்கு மேல இழுத்துச்சு. அந்தப் புரோகிராமுக்குப் பதிப்பு எண்ணு எப்படித் தெரியுமா? மூணு, மூணு புள்ளி ஒண்ணு, மூணு புள்ளி ஒண்ணு நாலு. ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் பை-யோட அடுத்த இலக்கம் ஒண்ணு சேரும். தன் புத்தகத்துல தப்பு கண்டுபிடிச்சுச் சொன்னவங்களுக்கு 2 டாலர் 56 சென்ட்டுக்குச் செக்கு எழுதிக் குடுத்தாரு. அத வாங்குனவன் பேங்குல போடமாட்டான், சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டுவான். 2008-க்கு அப்புறம் செக்குக்குப் பதிலா இல்லாத ஊரு பேங்கு ஒண்ணோட பேருல சான்றிதழ் குடுக்காரு. நீயும் தப்புக் கண்டுபிடி, உனக்கும் வரும். மொதல்ல உன் ஹோம்வொர்க்குல இருந்து ஆரம்பி.

அதுக்கு மேல லெஸ்லி லாம்போர்ட்டுன்னு இன்னொருத்தரு 1980-கள்ல லேடெக்னு ஒண்ணு கட்டுனாரு. இன்னைக்குக் கணக்கு எழுதுறவன் எல்லாம் தட்டுறது அந்த மொழியைத்தான். இதுல நமக்கும் பங்கு உண்டு, தெரிஞ்சுக்கோ. வெளிநாட்டு அறிவியல் பத்திரிகை எத்தனையோ சென்னையிலயும் புதுச்சேரியிலயும் உக்காந்து நம்ம பிள்ளைகள் டெக்குல கோத்து அனுப்புறதுதான். செர்மனிக்காரன் எழுதுன சமன்பாட்டுக்கு வில்லிவாக்கத்துல ஒரு பிள்ளை இடைவெளி சரி பண்ணிக்கிட்டு இருக்கும். நீ இங்க ஃபார்முலா தெரியலன்னு கண்ணைக் கசக்கிட்டு இருக்கே.

சரி, உன் போராட்டம் என்ன? பக்கத்தைத் தெறந்தா ஃபார்முலா வரல, ஏதோ கிறுக்கல் வருது. வாசிச்சுக் காட்டட்டுமா? பின்சாய்கோடு, ஃப்ராக், சுருள் அடைப்பு தெற, கழித்தல் பி, பின்சாய்கோடு, பிஎம், பின்சாய்கோடு, எஸ்க்யூஆர்டி, சுருள் அடைப்பு தெற, பி தொப்பி ரெண்டு கழித்தல் நாலு ஏ சி, மூடு, இன்னொண்ணும் மூடு, திரும்பத் தெற, ரெண்டு ஏ, மூடு. பத்தாங்கிளாசுல நீ மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே மறந்துபோன அதே இருபடிச் சூத்திரம்தான் லே இது. வேட்டி கட்டாம வந்து நிக்கவும் உனக்கு அடையாளம் தெரியல.

இது ஏன் இப்படி வருதுன்னு கேக்க மாட்டே. கேக்கலன்னாலும் சொல்லுதேன். இந்த வெப்புங்கிறது பொறந்ததே செர்ன்ங்கிற இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்துல, 1989-ல. நாள் பூரா சமன்பாட்டுலயே குளிக்கிறவங்க நடுவுல பொறந்த பிள்ளைக்கு ஒரு பின்னம் எழுதத் தெரியல. 1995-ல எச்டிஎம்எல்-லுக்கு ஒரு வரைவு போட்டப்போ கணக்குக்கும் எடம் வச்சாங்க. அப்புறம் அந்த வரைவையே கெடப்புல போட்டாங்க. 1998-ல மேத்எம்எல்னு கணக்குக்குன்னே ஒரு தனி மொழியை வெளியிட்டாங்க. ஃபயர்ஃபாக்ஸ் அதைக் கத்துக்கிச்சு. குரோம் இருக்கே, அது பெரிய வீட்டுப் பிள்ளை. 2013 சனவரியில 24-ஆம் பதிப்புல கத்துக்கிட்டேன்னு வந்து நின்னுச்சு. அடுத்த பதிப்புலயே பாதுகாப்பு சரியில்ல, அது இதுன்னு சொல்லி மறந்துட்டேன்னுருச்சு. திரும்ப ஞாபகம் வந்தது 2023 சனவரியில, 109-ஆம் பதிப்புல. அதுவும் தானா வரல. ஸ்பெயின்ல இகாலியான்னு ஒரு கம்பெனி உக்காந்து எழுதிக் குடுத்துச்சு. பத்து வருசம் ஒருத்தன் ஒரே பாடத்துல ஃபெயில் ஆனா உன் வாத்தியாரு அவனை என்ன சொல்லுவாரு? அவனைத்தான் ஊரு முச்சூடும் நம்பிப் படிச்சுது.

அந்த இடைவெளியில புகுந்தவங்கதான் மேத்ஜாக்ஸும் கேடெக்கும். மேத்ஜாக்ஸ் 2010-ல வந்துச்சு, அமெரிக்கக் கணிதச் சங்கமும் அதுக்குத் தோள் குடுத்துச்சு. கேடெக் 2014-ல கான் அகாடமிக்காரங்க வெளிவிட்டது, வேகம் சாஸ்தி. பக்கத்தை எழுதுறவன் இதுல ஒண்ணைப் பக்கத்துக்குள்ள சேத்துட்டான்னா, கிறுக்கலைப் பாத்ததும் அது வேட்டி கட்டி விட்டுரும். சேக்காமப் போன பக்கத்துல நீயே வெளிய இருந்து கூட்டிட்டுப் போய் விடுறதுதான் இந்த எக்ஸ்டென்சனோட வேலை. மந்திரம் ஒண்ணும் இல்ல. பக்கம் பூரா மோந்து பாக்கும், டாலர் குறியைத் தேடும். ரெண்டு டாலருக்கு நடுவுல கெடக்கிறது கணக்குன்னு எடுத்துக்கும்.

இங்கதான் கூத்து. பேனா 2 டாலர், நோட்டு 5 டாலர்னு ஒரு கடைப் பக்கத்தைத் தெறந்து பாரு. மொத டாலருக்கும் ரெண்டாவது டாலருக்கும் நடுவுல கெடக்கிற இங்கிலீசு பூராவும் கணக்குன்னு நெனச்சு, எடைவெளியை முழுங்கி, எழுத்தைச் சாச்சு, ஒரே ரயில்பெட்டியாக் கோத்து விட்டுரும். நீ நோட்டு வாங்கப் போனவன், அதை ஒரு தேற்றம்னு நெனச்சு நிறுவ ஒக்காந்துருவே. மேத்ஜாக்ஸ் பண்ணுனவங்க இது தெரிஞ்சுதான் ஒத்தை டாலரைத் தொடக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே பூட்டு போட்டு வச்சிருக்காங்க. ரெட்டை டாலரும் பின்சாய்கோட்டு அடைப்பும்தான் அவங்க கணக்கு. சில எக்ஸ்டென்சன்காரன் அந்தப் பூட்டைத் தெறந்து விட்டிருப்பான். செட்டிங்சுல போயி பாத்துக்கோ.

அதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணு. கிறுக்கல் தெரியுற பக்கத்தை இன்காக்னிட்டோ சன்னல்ல தெறந்து பாரு. அங்க நீயா அனுமதி குடுக்காட்டா எந்த எக்ஸ்டென்சனும் ஓடாது. அங்க ஃபார்முலா சம்மணம் போட்டு லட்சணமா உக்காந்திருந்துச்சுன்னு வையி, திருடன் வீட்டுக்குள்ளயே இருக்கான். உன் பதினொண்ணுல ஏதோ ஒண்ணு, விளம்பரத்தை வெரட்டுறேன்னு போயி மேத்ஜாக்ஸையும் சேத்து வெரட்டியிருக்கு. ஒருத்தன் பண்ணுன சேட்டையை அடக்கப் பன்னெண்டாவதா ஒருத்தனை நீ கூட்டிட்டு வரப் போறே. நம்ம ஊரு சங்கத்துல பொருளாளர் சரியில்லன்னு துணைப் பொருளாளர் போட்டாங்களே, அந்தப் புத்தி உனக்கும் வந்துருச்சு.

இன்காக்னிட்டோவுலயும் கிறுக்கல்தானா? அப்போ பக்கத்தை எழுதுனவன் மேத்ஜாக்ஸைச் சேக்கல, இல்ல பழைய பக்கம். பக்கம் எச்டிடிபிஎஸ்-ல வரும், மேத்ஜாக்ஸை மட்டும் பழைய எச்டிடிபி விலாசத்துல கூப்பிடும், பிரவுசர் வாசல்லயே நிறுத்திரும். அங்கதான் உன் எக்ஸ்டென்சனுக்கு உண்மையிலேயே வேலை இருக்கு. ஆனா ஃபார்முலாவைப் போட்டோப் புடிச்சு ஒட்டியிருந்தான்னா ஒரு எக்ஸ்டென்சனும் செல்லாது. மங்கல் படத்துல அது ஆறா எட்டான்னு நீ சோழி உருட்டிப் பாத்துக்க வேண்டியதுதான். கண்ணு தெரியாத பிள்ளைக்கு அதுவும் இல்ல. மேத்எம்எல்லுல, மேத்ஜாக்ஸுல எழுதுனா வாசிச்சுச் சொல்லுற மென்பொருள் அதுக்கு "ரெண்டு ஏ-யின் கீழ்"னு சொல்லிக் குடுக்கும். வெறும் படத்தைப் பாத்தா "படம்"னு மட்டும்தான் சொல்லும். போட்டோப் புடிச்சு ஒட்டுற புண்ணியவான் எவன் இருந்தாலும் அவனை ஒரு நாளைக்கு ஈய கேசு முன்னாடி நிறுத்தணும்.

இன்னொரு வகை இருக்கு, கட்டம். ஃபார்முலாவும் இல்ல, கிறுக்கலும் இல்ல, வெறும் சதுரக் கட்டம். அது எழுத்துருக் கோளாறு. உங்க பூட்டன் திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்ச முந்திரி, காணி, மாகாணி எல்லாம் இருக்கே, முந்திரின்னா முந்நூத்து இருவதுல ஒண்ணு, காணின்னா எம்பதுல ஒண்ணு, மாகாணின்னா பதினாறுல ஒண்ணு. அதுக்கெல்லாம் தனித்தனிக் குறி வச்சிருந்தாங்க நம்ம ஆளுக. அந்தக் குறி எல்லாம் 2019-ல யூனிகோடு 12-ல ஏறியாச்சு. உன் போன்ல தட்டிப் பாரு, கட்டம்தான் தெரியும், எழுத்துரு இருந்தாத்தான் முந்திரி முகம் காட்டும். அதுக்கும் ஒரு எக்ஸ்டென்சன் தேடாதே. எழுத்துருதான் போடணும்.

இனி பூட்டு சாவி விசயம். மாட்டும்போது ஒரு பெட்டி வந்து நிக்குமே, "நீ போற எல்லா வெப்சைட்டுலயும் உன் தகவலைப் படிக்கவும் மாத்தவும்" அனுமதி குடுன்னு. நீ அதை வாசிக்கவே மாட்டே, உன் கட்டைவிரல் அதுக்கு முன்னாடி ஓடிரும். டாலர் தேடணும்னா பக்கத்தைப் படிச்சுத்தான் ஆகணும், அது நியாயம். ஆனா லே, அது கணக்குப் பக்கத்தையும் படிக்கும், உங்க ஆத்தா பென்சன் வாற பேங்குப் பக்கத்தையும் படிக்கும். இன்னைக்கு வச்சிருக்கிறவன் நல்லவனா இருக்கலாம், நாளைக்கு எவன்கிட்டயாவது வித்துட்டுப் போவான். தி கிரேட் சஸ்பெண்டர்னு ஒண்ணு, தெறந்து கெடக்கிற டேப்பை எல்லாம் தூங்க வைக்கிற சாதாரண எக்ஸ்டென்சன், இருவது லட்சம் பேரு வச்சிருந்தாங்க. 2020-ல பண்ணுனவரு வேற கைக்கு மாத்தி விட்டாரு. 2021 பிப்ரவரியில கெட்ட நிரல் இருக்குன்னு கூகுளே அதைத் தூக்கிப் போட்டுச்சு. கணக்கு எக்ஸ்டென்சன்ல அப்படி நடக்காதுன்னு எவன் பத்திரம் எழுதிக் குடுத்தான்? குரோம்ல எக்ஸ்டென்சன் விவரத்துக்குள்ள போனா, "கிளிக் பண்ணுனா மட்டும்", "இந்தச் சைட்டுல மட்டும்"னு கட்டிப் போட வழி இருக்கு. நீ படிக்கிற அந்த ஒரு சைட்டுல மட்டும் அவுத்து விடு. மத்த எடத்துல கட்டிப் போட்டே வையி.

இப்போ முக்கியமானதுக்கு வாறேன், காதைக் குடு. எக்ஸ்டென்சன்ங்கிறது நீ மாட்டுன மூக்குக்கண்ணாடி. நீ போட்டதனால எதுத்தாப்ல நிக்கிறவனுக்கு எழுத்து தெளிவாத் தெரியாது. இதைப் புரிஞ்சுக்காமப் போனவங்க எத்தனை பேரு! ரெட்டிட்டுல கணக்குப் பேசுறவங்க டெக் தி வேர்ல்டுன்னு ஒண்ணை மாட்டிக்கிட்டு, சதுர அடைப்புக்குள்ள அரைப்புள்ளி வச்சு ஃபார்முலா எழுதுனாங்க. எழுதுனவனுக்கு முத்து முத்தாத் தெரிஞ்சுது, மாட்டாதவனுக்கு வெறும் அடைப்பும் அரைப்புள்ளியும்தான். நிரல் எழுதுறவங்க பொழங்குற கிட்ஹப்புலயும் அப்படித்தான். மேத்ஜாக்ஸ் எக்ஸ்டென்சனைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் அழகு பாத்தான், அடுத்தவன் பின்சாய்கோடு எண்ணுனான். 2022 மே மாசம் கிட்ஹப்பே தன் பக்கத்துல டாலருக்குள்ள எழுதுறதை ஃபார்முலாவாக் காட்ட ஆரம்பிச்சுது. மறுநாளுல இருந்து அந்த எக்ஸ்டென்சனுக்கு அங்க சோலி இல்ல. வைத்தியம் பக்கத்தை நடத்துறவன்தான் பாக்கணும்.

நீயும் அதே சேட்டையைத்தான் பண்ணுதே. சாட்ஜிபிடிகிட்ட ஒரு கணக்கைக் கேக்கே. அது தன் பக்கத்துல கேடெக்கை வச்சு அலங்காரம் பண்ணிக் காட்டுது. நீ அதை அப்படியே வழிச்சு எடுத்து வாட்ஸ்அப்புல கூட்டாளிக்கு அனுப்புதே. வாட்ஸ்அப்புக்கு டெக்கும் தெரியாது, டெக்கோட அப்பனும் தெரியாது. அந்தப் பையன் பின்சாய்கோட்டைப் பாத்துட்டு, இது புதுப் பாடம் போலன்னு ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கான்.

என்னைக் கேட்டா அந்தக் கிறுக்கலை வாசிக்கவே நீ கத்துக்கோன்னு சொல்லுவேன். சிரிக்காதே. ஒண்ணு, சாய்கோடு, ரெண்டு, ஏ-ன்னு ஒரே வரியில எழுதி அனுப்புதியே, அதுல ஏ கோட்டுக்கு மேலயா கீழயா? அரை ஏ-யா, இல்ல ரெண்டு ஏ-யில ஒண்ணா? உனக்கே தெரியாது. டெக்குல அந்த மழுப்பல் நடக்காது. தொகுதிக்கு ஒரு சுருள் அடைப்பு, பகுதிக்கு ஒரு சுருள் அடைப்பு, எது எங்க முடியுதுன்னு முகத்துக்கு நேரா நிக்கும். ஒரு வாரம் அதை வாசிச்சுப் பழகு, அடைப்பை மறந்து மார்க்கை விடுற உன் வியாதி பாதி கொறையும். மேத்ஜாக்ஸ் போட்ட பக்கம்னா ஃபார்முலா மேல வலது பொத்தானை அமுத்து, ஒரு பட்டியல் வரும். அதுல அதோட டெக் எழுத்தைக் காட்டச் சொல்லலாம், பெருசாக்கிப் பாக்கலாம். பன்னெண்டு எக்ஸ்டென்சன் தேடுன ஆளு, மாட்டாமலே கெடக்கிற அந்தப் பட்டியலை ஒரு நாளும் தெறந்து பாத்திருக்க மாட்டே.

அதனால ஒண்ணே ஒண்ணு மாட்டு. அந்தக் கூப்பன்காரனைக் கழட்டிட்டு அந்த எடத்துல மாட்டு. அப்புறம் சாயங்காலம் டியூசன் எடுக்கிறியே, எட்டாங்கிளாசுப் பிள்ளைகளுக்கு, அதுகளுக்கு நோட்ஸ் அனுப்பும்போது டாலர் குறியோட அனுப்பாதே. அதுக எல்லாம் அப்பன் ஆத்தா போன்லதான் பாக்குதுக, ஆண்ட்ராய்டு குரோம்ல எக்ஸ்டென்சனே போட முடியாது. ஃபயர்ஃபாக்ஸ் போட்டுக்கோன்னு அதுகளுக்கு வேற நீ வகுப்பு எடுக்க வேண்டாம். ஃபார்முலா சரியாத் தெரியுதான்னு பாத்து பிடிஎஃப்பா மாத்தி அனுப்பு. அனுப்புறதுக்கு முன்னாடி எக்ஸ்டென்சன் இல்லாத என் போன்ல ஒரு தடவை தெறந்து காட்டு. எனக்கு வாசிக்க வந்தா அதுகளுக்கும் வரும்.